கோயில் எங்கே என்று கேட்ட நீதிமன்றம்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே, எந்தக் கண்டத்தின் கரைக்கும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் கிடக்கும் ஹவாய்த் தீவுகளின் உச்ச நீதிமன்றம், 1987ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான வழக்கில் தீர்ப்பளித்தது. பெலே என்னும் எரிமலைத் தெய்வத்தை வழிபடுகிறவர்கள் அரசாங்கத்தின் நில வாரியத்தின்மீது தொடுத்த வழக்கு அது. கிலாவேயா எரிமலையின் கீழ்ச்சரிவிலுள்ள காட்டில் பூமியைத் துளையிட்டு, உள்ளிருந்து எழும் நீராவியைக் கொண்டு மின்சாரம் உண்டாக்க வாரியம் அனுமதி வழங்கியிருந்தது. அந்த மண் பெலேயின் சரீரம், அந்த நீராவி அவளுடைய மூச்சு, அங்கே துளையிடுவது அவள் உடலைத் துளைத்து உயிர்ப்பைக் களவாடுவதாகும் என்று வழக்காடியவர்கள் முறையிட்டார்கள். துளையிடப் போகும் இடத்தில் பூஜையோ சடங்கோ நடந்து வந்ததற்குச் சான்று ஒன்றும் இல்லை. ஆகையால் அவர்களுடைய வழிபாட்டுச் சுதந்திரத்துக்குப் பங்கம் நேர்ந்ததாகக் கொள்வதற்கில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அடுத்த ஆண்டில் அவ்வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு தவறானது என்பதும், அதே தவறு இன்று அதே தீவின் வேறொரு மலைச் சிகரத்தில் நம்முடைய தேசத்தின் பொருளையும் உழைப்பையும் கொண்டு மறுபடியும் நடக்கக்கூடும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். அதைச் சொல்வதற்கு முன்னால், பெலே யார் என்பதையும், அவளை வணங்குகிறவர்கள் எவ்விதம் வணங்குகிறார்கள் என்பதையும் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். ஏனெனில் அந்த நீதிமன்றம் விசாரிக்காமல் விட்டது அதைத்தான்.

தீவினர் கூறும் ஐதிகம் வம்சத்துக்கு வம்சம் வேறுபடுவது. ஆயினும் அதன் போக்கு ஒன்றே. கஹிக்கி என்னும் தூரதேசத்தில், தன் தமக்கையும் சமுத்திரத்தின் தேவதையுமான நாமகாவின் சினத்துக்கு ஆளான பெலே, உடன்பிறந்தார் சூழத் தோணியேறிப் புறப்பட்டாள். தன் அக்கினிக்கு ஓர் இருப்பிடம் தேடி, கையிலிருந்த கோலால் ஒவ்வொரு தீவாகத் தோண்டிப் பார்த்தாள். வடமேற்கேயுள்ள கவாயில் தோண்டினாள். நீர் பெருகி நெருப்பை அவித்தது. ஓவாஹுவில் தோண்டினாள், அங்கும் அதே கதி. மௌயி தீவின் ஹலேயாகலா சிகரத்தில் அவள் மூட்டிய தீயின் புகையைக் கண்டு தமக்கை விரைந்து வந்து, பெரும் போர் புரிந்து அவளுடைய தேகத்தைச் சிதைத்தாள். சிதைந்த தேகத்திலிருந்து விடுபட்டுத் தெய்வமாகவே எழுந்த பெலே, தென்கிழக்குக் கோடியிலுள்ள பெருந்தீவை அடைந்து, கிலாவேயாவின் உச்சியில் ஹலேமாவுமாவு என்னும் மகா பள்ளத்தில் குடிகொண்டாள். அங்கேதான் இன்றும் இருக்கிறாள். 2024 டிசம்பர் 23ஆம் தேதி அந்தப் பள்ளத்தில் தொடங்கிய நெருப்பூற்று, விட்டு விட்டு, அடுத்த ஆண்டு முழுவதும் எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது.

பூகர்ப்ப சாஸ்திரம் கூறும் வரலாறு இந்தப் பிரயாணத்தின் திசையிலேயே செல்கிறது. பூமியின் ஆழத்தில் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் வெப்பத்தின்மேல் கடற்றளம் வடமேற்காக ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றும், அந்த நகர்ச்சியால் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து, வெப்பத்தை விட்டு விலகி, தணிந்து, தேய்கின்றன என்றும் 1963ல் கனடா தேசத்து அறிஞர் டுஸோ வில்ஸன் விளக்கினார். கவாய்த் தீவுக்கு வயது ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டு. பெலே கடைசியாக வந்து சேர்ந்த பெருந்தீவு பத்து லட்சம் ஆண்டுகூட நிரம்பாத குழந்தை. எந்தத் தீவின் பாறை அதிகமாக மழையில் கரைந்திருக்கிறது, எதன் மண்ணில் மரம் அடர்ந்திருக்கிறது, எதன் கரை இன்னும் கருகியே கிடக்கிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த மக்கள், அந்த அறிவை ஒரு தெய்வத்தின் யாத்திரையாகப் பாடி வைத்திருந்தார்கள்.

இதைவிட நுட்பமானது பெலேயின் தங்கை ஹீயாக்காவின் கதை. ஒரு நாள் பெலே நித்திரையில் ஆழ்ந்திருக்க, அவளுடைய ஆவி தொலைவில் கேட்ட முரசொலியைத் தொடர்ந்து கவாய்த் தீவுக்குச் சென்று, லோஹியாவு என்னும் அழகிய தலைவன்மீது காதல் கொண்டது. விழித்தெழுந்த பெலே, அவனை நாற்பது நாளுக்குள் அழைத்து வருமாறு இளைய தங்கையை ஏவினாள். நான் திரும்பும்வரை என் ஓஹியா மரச் சோலைகளை எரிக்காமல் காக்க வேண்டும் என்பது ஹீயாக்கா கேட்ட வரம். வழியில் இடையூறுகள் பல. போய்ச் சேர்ந்தபோது லோஹியாவு மாண்டு கிடந்தான். மந்திரங்களால் அவனை உயிர்ப்பித்து அழைத்து வருவதற்குள் தவணை கடந்துவிட்டது. சந்தேகத்தால் வெகுண்ட பெலே, சோலைகளையும் தங்கையின் உயிர்த்தோழியையும் நெருப்பால் மூடினாள். திரும்பி வந்து அந்த அழிவைக் கண்ட ஹீயாக்கா, பள்ளத்தின் விளிம்பில், தமக்கையின் கண்முன்பே லோஹியாவைத் தழுவிக்கொண்டாள். பெலே அவனையும் எரித்தாள். அவனுடைய உடலைத் தேடி ஹீயாக்கா பாறைகளைப் பெயர்த்து வீசிக்கொண்டே கீழே கீழே தோண்ட, இன்னும் தோண்டினால் அடியிலுள்ள நீர் பொங்கிப் பெலேயின் நெருப்பை அவித்துவிடும் என்று அஞ்சி உடன்பிறந்தார் அவளைத் தடுத்தார்கள்.

கிலாவேயாவைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க நிலவியல் அறிஞர் டான் ஸ்வான்ஸன், இந்தக் கதையின் முக்கியமான சம்பவங்கள் உண்மையில் நிகழ்ந்த எரிமலை நிகழ்ச்சிகளையே குறிக்கின்றன என்று 2008ல் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டில் ஏறக்குறைய அறுபது ஆண்டுக்காலம் இடைவிடாது ஓடிய நெருப்புக் குழம்பு புனா வட்டாரத்தின் காடுகளைப் பெருமளவில் மூடியிருக்கிறது; ஓஹியாச் சோலைகள் எரிந்தது அதுவே. அது நின்ற சிறிது காலத்துக்குள், ஏறக்குறைய 1500ஆம் ஆண்டளவில், மலையின் உச்சி உள்வாங்கி இடிந்து பெரும் பள்ளமாயிற்று. ஹீயாக்கா தோண்டியது அதுவே. அந்தப் பள்ளம் 1790ல்தான் உண்டாயிற்று என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். எழுத்தறியாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்களின் வாய்மொழிப் பாட்டை அக்கறையோடு கேட்டிருந்தால், அந்தப் பிழை நூறாண்டுக்கு முன்பே திருந்தியிருக்கும் என்று ஸ்வான்ஸனின் ஆராய்ச்சியிலிருந்து நாம் உணரலாம்.

ஆனாலும் இதைச் சொல்லி நிறுத்திவிட எனக்கு மனமில்லை. ஒரு சமயத்தின் மதிப்பு, அது பிற்கால விஞ்ஞானத்துக்குச் சாட்சி சொல்ல உதவியது என்பதில் அடங்கிவிடாது. பெலேயின் கதைகளில் ஒன்றுகூட எந்தப் பாறையின் வயதோடும் ஒத்துப்போகாமல் இருந்திருந்தாலும், அவளை வணங்குகிறவனுடைய உரிமை ஒரு குன்றிமணியும் குறைந்திருக்காது. ஜெபமாலையையோ திருநீற்றையோ பரிசோதனைக்கூடத்தில் நிரூபித்துக் காட்டும்படி நாம் எவரையும் கேட்பதில்லை.

எரிமலையை வணங்குகிறவர்கள் பயத்தால் வணங்குகிறார்கள், பயம் தெளிந்தால் வணக்கமும் போய்விடும் என்று சொல்வது வழக்கம். பயப்படுவதற்குக் காரணம் உண்டுதான்: 1790ல் கிலாவேயா வெடித்தபோது, கெயோவா என்னும் தலைவனுடைய படையின் ஒரு பகுதி, பெண்டிர் பிள்ளைகளோடு, அனல் காற்றில் அகப்பட்டு நடந்துகொண்டிருந்த வழியிலேயே மாண்டது. ஆனால், பயந்தவன் செய்யக்கூடிய முதற்காரியம் ஓடிப்போவது. இவர்களோ மலையின் மடியைத் தேடிச் சென்று குடியிருந்தவர்கள். புனாவிலும் காவுவிலும் உள்ள சில குடும்பங்கள் பெலேயைத் தங்கள் மூதாதை என்றே வம்சாவளி சொல்கின்றன. அக்குடும்பங்களில் இறந்தோரின் எலும்பை எரிமலைப் பள்ளத்தில் சேர்ப்பிக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. அதனால் இறந்தவர் அவளோடு ஒன்றாகி, எழும் தழலில் மீண்டும் தோன்றுவார் என்பது நம்பிக்கை. பயந்து ஓட வேண்டிய ஒன்றின் கையில் தாயின் எலும்பை எவரும் ஒப்படைப்பதில்லை.

2018 மே மாதம் 3ஆம் தேதி, புனாவில் ஒரு குடியிருப்பின் தெரு நடுவே பூமி பிளந்து நெருப்பு எழுந்தது. அடுத்த வாரங்களில் பிளவுகள் இருபத்துநான்காகப் பெருகின. எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கபோஹோ விரிகுடா முழுவதும் தூர்ந்து கல்லாயிற்று. பழைய எரிமலை வாயொன்றில் தேங்கியிருந்த நன்னீர் ஏரி சில மணி நேரத்தில் கொதித்து மறைந்தது. கடலில் 800 ஏக்கருக்கு மேல் புதிய நிலம் தோன்றிற்று. எரிமலைக் குழம்பில் சிக்கி ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. விஞ்ஞானிகளின் எச்சரிக்கையை மதித்துப் பெரும்பாலோர் வெளியேறினார்கள். வெளியேறுமுன் பலர், கீ என்று அவர்கள் அழைக்கும் செடியின் இலைகளைப் பிளவின் ஓரத்திலும் வாசலிலும் காணிக்கையாக வைத்தார்கள். நிலம் அவளுடையது, அவள் கேட்கும்போது கொடுப்பதே முறை என்று வீடிழந்தோர் சிலர் கூறியதைப் பத்திரிகைகளில் படித்தபோது, வெறும் ஆறுதலுக்காகச் சொல்லப்பட்ட வார்த்தையாக அது எனக்குப் படவில்லை. எரிந்த காட்டில் முதலில் முளைப்பவற்றுள் ஒன்று அதே ஓஹியா மரம்தான். சம்ஹாரமும் சிருஷ்டியும் ஒரே கையின் செயல் என்பது வேறு இடங்களில் தத்துவமாகச் சொல்லப்படுகிறது. அங்கே அது ஒரு மனிதனின் ஆயுளுக்குள் கண்ணால் காணும் பிரத்தியட்சம்.

மலையோடு பழகும் முறையில் இரு வேறு மனப்பான்மைகளை அந்தத் தீவின் சரித்திரமே அருகருகே வைத்துக் காட்டுகிறது. 1881ல் மௌனா லோவா எரிமலையின் குழம்பு ஹிலோ நகரத்தின் எல்லையை நெருங்கியபோது, ராஜகுமாரி ரூத் கேயலிகோலானி ஹொனலூலுவிலிருந்து கப்பலேறி வந்து, நகரும் நெருப்பின் முன்னே நின்று பெலேயைத் துதித்து, சிவப்புப் பட்டுக் கைக்குட்டைகளையும் பிராந்தியையும் காணிக்கையாக இட்டாள். குழம்பு ஊருக்குள் புகாமல் நின்றது. அது அவளுடைய பிரார்த்தனையால் நின்றதென்று தீவினர் பலர் இன்றும் சொல்வார்கள். 1935 டிசம்பரில் அதே ஹிலோவை நோக்கி மறுபடி குழம்பு வந்தபோது, அமெரிக்க ராணுவ விமானங்கள் அதன்மேல் குண்டு வீசின. சில நாளில் அதுவும் நின்றது. ஆனால் குண்டுகளால் பயன் விளைந்ததாகப் பிற்கால ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் தெய்வத்தின் உடலில் வெடிகுண்டு விழுந்ததைக் கண்ட மக்கள் அதை மறக்கவில்லை.

நேர்மையாகப் பேசினால், பெலேயை எதிர்த்து நின்ற ஒரு ஹவாய்ப் பெண்மணியையும் நினைவுகூர வேண்டும். பழைய கட்டுப்பாடுகளை அரசனே கலைத்துவிட்ட 1819க்கும், அடுத்த ஆண்டில் வந்திறங்கிய அமெரிக்கப் பாதிரிமார்களின் போதனைக்கும் பின்பு, 1824ல் கபியோலானி என்னும் தலைவி, பல நாள் நடந்து கிலாவேயாவை அடைந்தாள். பெலேக்குப் படைக்காமல் உண்ணக்கூடாத ஓஹெலோப் பழத்தை உண்டு, பள்ளத்துக்குள் இறங்கி, தன் புதிய கடவுளைத் துதித்துத் திரும்பினாள். ஆங்கிலக் கவிஞர் டென்னிஸன் அவளைப் பற்றிக் கவிதை எழுதினார். அவளுடைய துணிவு மெய்யானது. தன் சமயத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையும் அவளுக்கு உண்டு. ஆனால் அவளுடைய செயலைப் பெலே வழிபாட்டின் முடிவாக எழுதி வைத்தவர்கள் அவசரப்பட்டார்கள். அவ்வழிபாடு பொது இடங்களை விட்டு அகன்று, குடும்பங்களின் வாய்மொழியிலும் ஹூலா ஆடலிலும் போய்த் தங்கியது. ஹிலோவில் ஆண்டுதோறும் நடக்கும் ஹூலா விழாவுக்கு முன்பு, ஆடுவோர் ஹலேமாவுமாவின் விளிம்புக்குச் சென்று பாடிக் காணிக்கை செலுத்துகிறார்கள். பெலேயின் பாடல்களையும் ஆடல்களையும் குலதனமாகக் காத்துப் போதித்த எடித் கனகயோலே அம்மையாரின் உருவத்தை 2023ல் அமெரிக்க அரசாங்கம் தன் கால் டாலர் நாணயத்தில் பொறித்தது. இது இவ்வாறிருக்க, எரிமலைக் கல்லை எடுத்துச் சென்றால் பெலேயின் சாபம் தொடரும் என்று நம்பி உல்லாசப் பிரயாணிகள் கற்களைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்களே, அந்தச் சாபக்கதை இருபதாம் நூற்றாண்டில் புனையப்பட்டது. பழைய பாடல்களில் அதற்கு இடமில்லை. மெய்யான சமயத்தை விட்டு அதன் பெயரால் வழங்கும் பொய்க்கதையையே உலகம் அதிகம் அறிந்திருப்பது வருந்தத்தக்கது.

இனி வழக்குக்கு வருவோம். 1976ல் புனாவில் தோண்டிய சோதனைக் கிணறு, ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஆழத்தில் 350 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தை எட்டியது. அதைக் கண்ட உற்சாகத்தில், 500 மெகாவாட் மின்சாரத்தை உற்பத்தி செய்து கடலடிக் கம்பி வழியாக ஹொனலூலுவுக்கு அனுப்பலாம் என்று பெருந்திட்டம் தீட்டினார்கள். அதற்காக வாவோ கெலே ஓ புனா என்னும் காடு, அத்தீவுகளில் தாழ்நிலத்தில் எஞ்சிய மிகப்பெரிய மழைக்காடுகளில் ஒன்று, அரசாங்கத்தின் கையிலிருந்து நிலமாற்றத்தின் மூலம் தனியார் எஸ்டேட்டுக்குப் போயிற்று. பாலிகாப்பு டெட்மன், எம்மெட் அலூலி என்ற இருவரும் மற்றவர்களும் சேர்ந்து பெலே பாதுகாப்பு நிதி என்ற அமைப்பை நிறுவிப் போராடினார்கள். வழக்கில் தோற்றபின் தெருவுக்கு வந்தார்கள். 1990ல் நடந்த கண்டன ஊர்வலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1991ல் புனாவில் வேறொரு நிறுவனத்தின் கிணறு கட்டுமீறி வெடித்து, ஒரு நாளுக்கும் மேலாக நச்சாவியைக் கக்கியது. காட்டில் துளையிட்ட நிறுவனமோ வேண்டிய அளவு நீராவி கிடைக்காமல் 1994ல் விலகிப் போயிற்று. இடையில், 1992ல், அதே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், அந்தக் காட்டில் மூலிகையும் தழையும் சேகரிக்கவும் வேட்டையாடவும் தீவின் பழங்குடியினருக்குள்ள பாரம்பரிய உரிமையை அங்கீகரித்தது. 2006ல் காடு விலைக்கு வாங்கப்பட்டு ஹவாய் மக்கள் நல அலுவலகத்தின் வசம் சேர்ந்தது. பலன் நல்லபடியாக முடிந்தது; 1987ன் தீர்ப்போ மாறாமல் அப்படியே நிற்கிறது.

அத்தீர்ப்பின் குறை எங்கே இருக்கிறது? நான்கு சுவரும் ஒரு பீடமும் பூசாரியும் குறித்த வேளையும் உள்ளதே வழிபாடு என்ற எண்ணத்தை நீதிபதிகள் தம்மையறியாமலே அளவுகோலாகக் கொண்டுவிட்டார்கள். தெய்வம் ஓரிடத்தில் எழுந்தருளியிருக்க, பக்தர்கள் அங்கே போய் வருகிற மதத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தும். நிலமே தெய்வமாயிருக்கும்போது, அந்த நிலத்தின் எந்தச் சதுர அடியில் நீ கும்பிட்டாய் என்று கேட்பது பொருந்தாக் கேள்வி. பெலேயின் பக்தர்கள் பலர் அந்தக் காட்டுக்குள் போகாமலிருந்ததற்கும் காரணம் பக்திதான்; அணுகாமல் விடுவதும் அங்கே ஆராதனையில் ஒரு பகுதி. சென்று மிதித்த இடம் மட்டுமே உன்னுடையது என்றால், மரியாதையோடு ஒதுங்கி நின்றவன் அந்த மரியாதையாலேயே உரிமை இழக்கிறான். அத்தகைய சட்டம் ஆக்கிரமிக்கிறவனுக்கே துணை செய்யும்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் வலு இல்லை என்று நான் கூறமாட்டேன். ஹவாய் தன் மின்சாரத்தில் பெரும்பங்கை இறக்குமதி எண்ணெயை எரித்தே பெறுகிறது. அமெரிக்காவில் மின்கட்டணம் மிக அதிகமான மாநிலமும் அதுவே. புகையில்லாமல் மின்சாரம் தரும் வெப்பம் காலடியில் இருக்க, அதைத் தொடாதே என்று சொல்வது ஏழை வீட்டு விளக்கின்மேல் கை வைப்பதாகும் என்பார்கள். தெய்வத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எல்லாப் பொதுக்காரியமும் நின்றுவிட வேண்டுமென்று நானும் கேட்கவில்லை. அப்படியானால் எந்த ஊரிலும் ஒரு சாலைகூடப் போட முடியாது. நான் கேட்பது பாரம் யார் தலைமேல் என்பதைத்தான். வேறு வழியே இல்லை, வேறு இடமே இல்லை, இந்தக் காயத்துக்கு ஈடான பெரும் நன்மை உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு துளையிட வருகிறவனுடையது. 1987ல் அந்தப் பாரம் முழுவதும் கும்பிடுகிறவன் தலையில் சுமத்தப்பட்டது. 2018ல் நெருப்பு எழுந்தபோது, 1991ல் கிணறு வெடித்த அந்த வேறு நிறுவனம் புனாவில் நடத்திவந்த மின்நிலையத்திலிருந்த எளிதில் தீப்பற்றும் பெண்டேனை அவசரம் அவசரமாக அகற்ற வேண்டியதாயிற்று. கிணறுகள் சிலவற்றைக் குழம்பு மூடியது. நிலையம் இரண்டாண்டுக்கு மேல் செயலற்றுக் கிடந்தது. அந்த நிலம் எத்தகையது என்பதைப் பற்றிப் பக்தர்கள் சொன்ன எச்சரிக்கையைப் பொறியியலறிஞர்களும் பொருட்படுத்தியிருக்கலாம்.

சட்டம் இப்படித்தான் இருக்க முடியும் என்பதில்லை. தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், அதற்குச் சொத்து உண்டு, வழக்காடும் தகுதி உண்டு, அதன் நலனை எடுத்துரைக்க ஒருவரை நியமிக்கலாம் என்பது நம் தேசத்தின் நியாயஸ்தலங்களில் நெடுங்காலமாக ஊறிய கொள்கை. 1925லேயே லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா வழக்கில் அதை வலியுறுத்தியிருக்கிறது. பத்தூர்க் கோயிலின் நடராஜர் களவுபோய் லண்டனில் அகப்பட்டபோது, இடிந்து கிடந்த அந்தக் கோயிலையே வழக்காடும் தகுதியுள்ள நபராக ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, 1991ல் மூர்த்தியைத் திருப்பித் தந்தது. கல்லுக்கும் செம்புக்கும் இந்த அந்தஸ்து உண்டென்றால், மலைக்கு ஏன் கூடாது?

நியூசிலாந்து அதைச் செய்தே காட்டிவிட்டது. 2,518 மீட்டர் உயரமுள்ள டரனாக்கி எரிமலை, அதைச் சூழ்ந்து வாழும் மாவோரிக் குலங்களுக்கு மூதாதை. அந்தப் பிராந்தியத்தின் நிலங்களை 1865ல் ஆங்கில ஆட்சி பறிமுதல் செய்தது. மலையும் எக்மாண்ட் என்று ஒரு பிரபுவின் பெயரால் அழைக்கப்பட்டு வந்தது. 2025 ஜனவரி 30ஆம் தேதி அந்நாட்டுப் பார்லிமெண்டு, எல்லாக் கட்சியும் உடன்பட்டு, மலையையும் சுற்றியுள்ள சிகரங்களையும் தனக்குத்தானே உரிமையுள்ள ஒரு நபராகச் சட்டத்தில் பிரகடனம் செய்தது. மலைக்காகப் பேசுவதற்குக் குலங்களின் பிரதிநிதிகள் நால்வரும் அரசாங்கத்தின் பிரதிநிதிகள் நால்வரும் கொண்ட குழு ஏற்பட்டது. பொதுமக்கள் முன்போலவே மலையேறலாம். பழைய பெயரும் திரும்பி வந்தது. ராஜ்யம் கவிழவில்லை, விஞ்ஞானம் நிற்கவில்லை.

நம் தேசத்தின் சம்பந்தம் இங்கேதான் வருகிறது. பெலே வாழும் பெருந்தீவில், 4,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த மௌனா கேயா என்னும் உறங்கும் எரிமலை நிற்கிறது. அது பனியின் தேவதை பொலியாஹுவின் இருப்பிடம். தீவினரின் மூலபிதாவான வாக்கேயாவின் பெயரோடு இணைந்த மலை. அதன் உச்சியில் ஏற்கெனவே பதின்மூன்று தொலைநோக்கிகள் அமைந்திருக்க, 492 கண்ணாடித் துண்டுகளைக் கோத்து 30 மீட்டர் விட்டமுள்ள மற்றொரு மாபெரும் தொலைநோக்கியை நிறுவ அமெரிக்கா, ஜப்பான், கனடா முதலிய தேசங்களோடு இந்தியாவும் 2014ல் உடன்பட்டது. இதில் நமது பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. கண்ணாடித் துண்டுகளில் ஒரு பகுதியை மெருகிட பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டேயில் கூடம் அமைந்தது. காவலூர் வானோக்கு நிலையத்தை நடத்தும் அதே வானியற்பியல் நிறுவனமே இந்தப் பணியையும் முன்னின்று நடத்துகிறது.

மலைக்குச் செல்லும் பாதையில் 2015லும் 2019லும் மக்கள் அமர்ந்து தடுத்தார்கள். 2019 ஜூலை 17ஆம் தேதி முப்பதுக்கும் மேற்பட்ட முதியோரைப் போலீசார் கைது செய்தார்கள். ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியிலும் அவர்கள் அழைத்துச் செல்லப்பட்டதைப் படங்களில் உலகமே கண்டது. முறையான விசாரணை நடக்கவில்லை என்று 2015ல் அனுமதியை ரத்து செய்த ஹவாய் உச்ச நீதிமன்றம், 2018ல் புதிய அனுமதியை ஏற்றுக்கொண்டது. கட்டடம் எழும் குறிப்பிட்ட இடத்தில் மரபுச் சடங்குகள் நடப்பதற்குச் சான்று இல்லை என்பது அப்போதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1987ன் அதே அளவுகோல்! ஹவாய் மக்களிலேயே தொலைநோக்கியை வரவேற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. வானத்தை ஆராய்வது உயர்ந்த காரியம் என்பதிலும், நட்சத்திரங்களைப் பார்த்தே அந்தத் தீவுகளைக் கண்டுபிடித்த மாலுமிகளின் சந்ததியார் வானியலுக்கு விரோதிகள் அல்லர் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இந்த மலை, 1893ல் அவர்களுடைய ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தவர்களால் கைப்பற்றப்பட்ட நிலங்களில் ஒன்று. அந்தக் கவிழ்ப்பில் தனக்கிருந்த பங்குக்காக அமெரிக்கக் காங்கிரஸே 1993ல் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. ஒருமுறை கேளாமல் எடுத்துக்கொண்டதன்மேல் மறுபடியும் கேளாமல் கட்டுவதில் நாம் பங்காளியாக இருக்கலாகாது.

மாற்றிடம் இல்லாமலும் போகவில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள லா பால்மா தீவில் தொலைநோக்கியை நிறுவினால் 40 கோடி யூரோ தருவதாக ஸ்பெயின் அரசாங்கம் 2025 ஜூலையில் அறிவித்தது. மௌனா கேயாவின் உச்சியைவிட அங்கே உயரம் குறைவு, சிலவகை ஆராய்ச்சிக்குக் காற்றின் ஈரம் தடையாகலாம் என்பது மெய். அந்த நஷ்டத்தை எடைபோடும் உரிமை வானியலாளருக்கு உண்டு. மற்றத் தட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லும் உரிமை மலையின் மக்களுக்கு உண்டு. 2022ல் ஹவாய்ச் சட்டசபை, மௌனா கேயாவை நிர்வகிக்க ஒரு புதிய அதிகார சபையை ஏற்படுத்தி, அதில் மலையின் மரபைக் காக்கும் ஹவாய் மக்களுக்கும் இடம் தந்திருக்கிறது. அவர்களுடைய சம்மதம் எழுத்தில் கிடைத்தாலன்றி மௌனா கேயாவில் ஒரு கல்லும் பெயர்க்க இந்தியா உடன்படாது என்றும், சம்மதம் கிடையாதாயின் நம் பங்கும் நம் கண்ணாடிகளும் லா பால்மாவுக்கே செல்லும் என்றும் நம்முடைய விஞ்ஞான தொழில்நுட்பத் துறையும் அணுசக்தித் துறையும் தொலைநோக்கியை அமைக்கும் தேசங்களின் கூட்டுக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுப்ப வேண்டும்.